வீங்கிய கையைத் தாங்கும் கைகள்
நிணநீர் வடிப்புச் சிகிச்சையைப் பற்றி ஒரு விளக்கம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

அவிநாசியிலுள்ள நம் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் நடைபெற்றுவரும் நிணநீர் வடிப்புச் சிகிச்சையைப் பற்றி உங்களில் சிலர் விளக்கம் கேட்டு எழுதியிருந்தீர்கள். "இது மசாஜ்தானே, இதற்கு எதற்குத் தனிப் பயிற்சி?" என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். "கையால் தடவுவதற்குப் பதிலாக ஓர் இயந்திரம் வாங்கித் தரட்டுமா?" என்று ஒரு சகோதரி அன்போடு கேட்டிருந்தார். இரண்டும் நியாயமான கேள்விகள். உங்கள் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நிணநீர் என்பது என்ன?

நம் உடம்பில் இரத்தம் ஓடும் குழாய்களைத் தவிர இன்னொரு குழாய் அமைப்பும் உண்டு. மெல்லிய இரத்தக் குழாய்களிலிருந்து தசைகளுக்கும் தோலுக்கும் கசியும் நீரில் ஒரு பங்கை இந்த இரண்டாவது அமைப்பே திரும்ப எடுத்துச் செல்கிறது. அந்த நீருக்குத்தான் நிணநீர் என்று பெயர். ஒரு நாளில் ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் வரை இவ்வாறு சேர்ந்து, கடைசியில் கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள பெரிய இரத்தக் குழாயில் கலக்கிறது. வழியில் ஆங்காங்கே வடிகட்டிகள் போல நிணநீர்க் கணுக்கள் உள்ளன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்குது" என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த நெறிதான் இந்தக் கணு. உடல் முழுவதும் இவை 500-க்கு மேல் இருக்கின்றன. அக்குள், கழுத்து, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கூட்டமாக இருக்கின்றன.

இரத்தத்தைத் தள்ள இருதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பெரிய பம்பு இல்லை. குழாய்களே சிறிது சிறிதாகச் சுருங்கி விரிந்து, ஒரு தடுக்கிலிருந்து அடுத்த தடுக்குக்கு நீரைத் தள்ளுகின்றன. நாம் நடப்பதும், கை கால் அசைப்பதும், ஆழ்ந்து மூச்சு விடுவதும் அதற்குத் துணை செய்கின்றன. நம் பகுதியில் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பவானி ஆற்று நீரை 6 நீரேற்று நிலையங்கள் படிப்படியாக மேலேற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கின்றன. வழியில் ஒரு நிலையம் நின்றுபோனால் அதற்குக் கீழே நீர் தேங்குமல்லவா? கையிலும் காலிலும் நடப்பது அதுவே.

வீக்கம் எப்படி வருகிறது?

எங்களிடம் இதற்காக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர்.

முதல் வகையினர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சகோதரிகள். நோய் அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் நீக்கவும் அங்குள்ள நெறிகளை அறுவைச் சிகிச்சையில் எடுக்கிறார்கள். கதிர்வீச்சும் கொடுக்கிறார்கள். உயிரைக் காக்க இவை தேவை. ஆனால் கையின் நிணநீர் போகும் வழி அதனால் குறுகிவிடுகிறது. 2013-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, அக்குள் நெறிகளை விரிவாக அகற்றியவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. முதல் நெறியை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கே வீங்குகிறது. வீக்கம் சிகிச்சை முடிந்த சில மாதங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

இரண்டாம் வகையினர் யானைக்கால் நோயாளிகள். கொசு மூலம் பரவும் நுண்ணிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுத்துவிடுகின்றன. கொங்கு நாட்டைவிடத் தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் காவிரிக் கழிமுகப் பகுதியிலும்தான் இந்நோய் மிகுந்திருந்தது. அங்கிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் பக்கம் வந்து குடியேறியவர்களில் சிலர் எங்களிடம் வருகிறார்கள். நம் நாட்டில் 1996-97-இல் 13 மாவட்டங்களில் முன்னோட்டமாகவும், 2004 முதல் விரிவாகவும் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருந்து கொடுக்கும் திட்டம் நடந்தது. இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டதாக 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருந்து பரவலைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே பெருத்துவிட்ட காலை அந்த மாத்திரை சிறுக்க வைக்காது. அந்தக் காலோடு வாழ்கிறவருக்கு வேறு உதவி வேண்டும்.

தேங்கிய நீரில் புரதம் மிகுந்திருப்பதால் நாளடைவில் சதை தடித்துக் கெட்டியாகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், இரவில் படுத்தெழுந்தால் வற்றிவிடும். அந்த நிலையில் வருகிறவர்களுக்கு எளிதில் உதவலாம். கெட்டியான பிறகு குழி விழாது, வற்றவும் வற்றாது. சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்து, கை சிவந்து, குளிர்காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் குழாய்களையும் கெடுத்து வீக்கத்தைக் கூட்டும்.

இந்தக் கைச் சிகிச்சை தோன்றிய விதம்

1892-இலேயே ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் வான் வினிவார்ட்டர், வீங்கிய காலை உயர்த்தி வைத்தல், கட்டுப்போடுதல், மென்மையாகத் தடவுதல் ஆகியவற்றைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் அது மறக்கப்பட்டது. 1930-களில் டென்மார்க் நாட்டவரான எமில் வோடர் தம் மனைவி எஸ்ட்ரிட்டுடன் பிரான்ஸ் நாட்டில் பணிசெய்து வந்தார். தீராத சளியோடு வந்தவர்களின் கழுத்தில் நெறிகள் வீங்கியிருப்பதை அவர் கவனித்தார். நெறிகளைத் தொடவே கூடாது என்று மருத்துவர்கள் கருதிய காலம் அது. வோடர் தம்பதியினர் மிக மெதுவான ஒரு தடவும் முறையை உருவாக்கி, 1936-இல் பாரிஸ் நகரில் அதை வெளியிட்டார்கள். பின்னர் ஹங்கேரியில் பிறந்த மருத்துவர் மைக்கேல் ஃபோல்டியும் அவர் மனைவி எத்தலும் ஜெர்மனியில் இதனுடன் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக்கினார்கள். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது இந்த நான்கும் சேர்ந்த முறையே. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் காசர்கோட்டிலுள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம், தோல் பராமரிப்பு, யோகா, ஆயுர்வேதம், கட்டு ஆகியவற்றை இணைத்து, ஏழை யானைக்கால் நோயாளிகள் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க முறையை வகுத்துள்ளது.

எப்படிச் செய்கிறோம்?

நம் ஊரில் மசாஜ் என்றால் எண்ணெய் காய்ச்சி, அழுத்தி உருவி விடுவதையே நினைப்பார்கள். நிணநீர் வடிப்பு அதற்கு நேர்மாறானது. எண்ணெய் இல்லை, சூடு இல்லை, அழுத்தம் இல்லை. நிணநீர்க் குழாய்களின் ஆரம்ப நுனிகள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. பலமாக அழுத்தினால் அவை மூடிக்கொள்ளும். ஆகவே தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுகிறோம். நின்ற இடத்தில் வட்டமிடுதல், பம்பு போன்ற அசைவு, அள்ளும் அசைவு, சுழற்றும் அசைவு என்று நான்கு விதங்கள் இதில் உண்டு. தோல் சிவந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள்.

இன்னொரு வியப்பும் உண்டு. கை வீங்கியிருந்தாலும் முதலில் கையைத் தொடுவதில்லை. கழுத்தில் தொடங்குகிறோம். பிறகு நல்ல பக்கத்து அக்குள், பிறகு நெஞ்சும் முதுகும், அதன் பிறகே தோள், மேற்கை, முன்கை, விரல்கள். தேங்கிய வயலில் நீரை வடிக்க வேண்டுமானால் விவசாயி முதலில் வெளியே போகும் வாய்க்காலைத்தானே திறந்துவிடுவார்? கீழே வழி அடைத்திருக்க மேலே மடை திறந்து பயனில்லை. ஒரு முறை செய்ய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

"ஏனுங்க சிஸ்டர், இத்தனை மெதுவாத் தடவினா வீக்கம் எப்படிங்க வடியும்?" என்று கேட்காதவர் இல்லை. முதல் வாரம் முடிந்து அளவு நாடாவால் அளந்து காட்டும்போது அவர்களே பதிலைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாருக்கும் இதைச் செய்யலாகாது. கையிலோ காலிலோ கிருமிக் காய்ச்சல் இருக்கும்போதும், இரத்தக் குழாயில் புதிதாக உறைகட்டி இருந்தாலும், இருதயமோ சிறுநீரகமோ கட்டுப்பாட்டில் இல்லாதபோதும் செய்வதில்லை. புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியதால் வீக்கம் வந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குகிறோம்.

தடவுவது மட்டும் போதுமா?

போதாது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கத்தில் இம்முறை பாதுகாப்பானது என்றும், அழுத்தக் கட்டோடு சேரும்போது, முக்கியமாக வீக்கம் அதிகம் முற்றாதவர்களுக்கு, கூடுதல் பயன் தரலாம் என்றும் கூறுகிறது. வீக்கத்தைக் குறைப்பதில் பெரும் பங்கு கட்டுக்கே உரியது. தடவி வடித்த நீர் திரும்பி வந்து நிறையாதபடி தாங்குவது அதுதான்.

தடவி முடித்தவுடன் விரல்களுக்கு மெல்லிய துணியும், கைக்குப் பருத்திக் குழாய்த் துணியும், அதன் மேல் பஞ்சு மெத்தையும், மேலே அதிகம் நீளாத தனிவகைப் பேண்டேஜும் சுற்றுகிறோம். விரல் பக்கம் இறுக்கமாகவும் தோள் பக்கம் போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்கள், வாரத்தில் 5 நாட்கள் சிகிச்சை. குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் கட்டு இருக்கும். வீக்கம் குறைந்தபின் பகலில் அணிய அளவெடுத்த அழுத்தக் கையுறை தருகிறோம். அதைப் பல ஆண்டுகள் அணிய வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் இது எளிதான காரியம் அன்று என்பது எங்களுக்குத் தெரியும்.

உடற்பயிற்சியைப் பற்றிய கருத்து மாறியிருக்கிறது. முன்பு அந்தக் கையால் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குடம் எடுக்காமல், குழந்தையைத் தூக்காமல் எத்தனையோ சகோதரிகள் கையைப் பொத்திவைத்தே வாழ்ந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் கை வீக்கமுள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, உபாதைகளும் திடீர் ஏற்றங்களும் குறைந்தன என்று தெரிந்தது. ஆகவே இப்பொழுது கட்டோ கையுறையோ அணிந்தபடி முறையாகப் பழகச் சொல்கிறோம்.

ஒரு சகோதரியின் அனுபவம்

பனியன் கம்பெனியில் பவர்டேபிளில் தைத்துவந்த ஒரு சகோதரி, பெயரைத் தவிர்க்கிறோம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த இரண்டாம் ஆண்டில் வளையல் இறுகியது. பிறகு ரவிக்கையின் கை ஏறவில்லை. அக்கம்பக்கத்தார் சொன்னபடி சூடான எண்ணெய் தேய்த்து உருவி விட்டார்கள். தோல் புண்ணாகி, இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்தது. வேலை நின்றது. நோய் திரும்பிவிட்டது என்று உறவினர் பேசத் தொடங்கியதால் கல்யாணம் காட்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். மாரில் வந்த நோயை வெளியில் சொல்லலாம், இந்தக் கையைத்தான் எங்கே ஒளிப்பது என்று அழுதார்.

நோய் திரும்பவில்லை என்பது சோதனையில் உறுதியானது. மூன்று வாரச் சிகிச்சையில் கை கண்கூடாக வற்றியது. ஆனால் மறு கையின் அளவுக்கு வரவில்லை. வரும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஒரு கையால் மறு கைக்குச் சரியாகக் கட்டுப் போடுவது கடினம். ஆகவே அவருடைய மாமியாரை உடன் அழைத்துவரச் சொன்னோம். அந்த அம்மா முதல் நாள் தொடவே அஞ்சினார். மூன்றாம் வாரத்தில் எங்கள் செவிலியரின் கட்டில் குறை கண்டு சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். அந்தச் சகோதரி இப்பொழுது கையுறை அணிந்து செக்கிங் வேலைக்குப் போகிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பயிற்சி எதற்கு? இயந்திரம் ஏன் போதாது?

இப்பொழுது உங்கள் கேள்விகளுக்கு வருகிறோம். வோடர் முறையில் முழுப் பயிற்சி பெற 160 மணி நேரம், அதாவது நான்கு வாரம் ஆகும். பிசியோதெரபி, செவிலியர் படிப்பு போன்றவற்றை முடித்தவர்கள் இதைக் கற்கிறார்கள். உடற்கூறு ஒரு பங்குதான். மீதிப் பொழுதெல்லாம் ஒருவர் தோலில் ஒருவர் கைவைத்துப் பழகுகிறார்கள். கண்ணிமையின் மேல் வைத்தாலும் நோகாத அளவு அழுத்தம் எது என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. எந்த இடம் மிருதுவாக இருக்கிறது, எந்த இடம் கெட்டியாகிவிட்டது, இன்று யாருக்குத் தொடங்கலாகாது என்பதை விரல்தான் சொல்லித்தர வேண்டும். தவறாகக் கட்டிய கட்டு நீரை வடிப்பதற்குப் பதில் விரல்களில் தேக்கிவிடும்.

காற்றால் அழுத்தும் பம்பு இயந்திரங்கள் இருக்கின்றன. சிலருக்குத் துணையாக உதவவும் செய்கின்றன. ஆனால் இயந்திரம் கையிலிருந்து நீரைத் தள்ளும்போது தோளிலும் மார்பிலும் வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வழி இல்லாவிட்டால் நீர் அங்கேயே போய்த் தேங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் மாமியாருக்குக் கற்றுக்கொடுக்காது. வீக்கம் வாழ்நாள் முழுவதும் கூட வருவது. எங்களிடம் நோயாளி இருப்பது சில வாரங்களே. மீதி நாட்களில் அவர் கையைக் காப்பது அவர் வீட்டார். ஆகவே பயிற்சி பெற்ற ஒருவர் எங்களிடம் இருப்பது, பல வீடுகளில் பயிற்சி பெற்ற கைகள் உண்டாவதற்கு வழி.

இது நம் மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிய பாடம் அன்று. 1940-களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலும் உணர்ச்சியற்ற பாதமும் நிலைக்க வேண்டுமானால், நோயாளி தினந்தோறும் தம் கை கால்களைப் பார்த்துக் காக்கப் பழக வேண்டும் என்பதையும் அவரும் அவருடன் உழைத்தவர்களும் கற்பித்தார்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

இதை வாசிக்கிற உங்கள் குடும்பத்திலோ சபையிலோ இப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லுங்கள்:

1. மோதிரம், வளையல், ரவிக்கைக் கை இறுகினால், அல்லது கை கனத்தால், உடனே காட்டுங்கள். இரு கைகளிலும் ஒரே இடத்தில் அளந்தால் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பது ஓர் அடையாளம்.

2. தினமும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். யானைக்காலுக்கு இதுவே தலையாய மருந்து. பிரேசில் நாட்டில் டாக்டர் ஜெருசா டிரேயர் 1990-களில் நோயாளிகளைக் கூட்டமாகச் சேர்த்து இந்தக் கழுவும் பழக்கத்தைக் கற்பித்தார். அடிக்கடி வரும் காய்ச்சல் அதனால் வெகுவாகக் குறைவது தெரிந்தது.

3. சுடுநீர் ஒத்தடம், சூடான எண்ணெய், பலமாக உருவுதல் வேண்டாம். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்.

4. சிவப்பும் காய்ச்சலும் கண்டால் கட்டை அவிழ்த்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஆண்டவர் தம் சீஷருடைய பாதங்களைக் கழுவித் துடைத்ததை யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிறர் தொட அருவருக்கும் ஒரு காலைக் கழுவி, இடுக்குகளைத் துடைத்துக் கட்டுப்போடும்போது எங்கள் செவிலியர்களுக்கு அந்த அதிகாரத்தின் பொருள் புதிதாக விளங்குகிறது.

உங்கள் பங்கு

பேண்டேஜுகளைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம். ஆயினும் இழுவை போனபின் மாற்ற வேண்டும். அழுத்தக் கையுறையை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தினக்கூலியில் வாழும் சகோதரிகளுக்கு இந்த இரண்டாவது கையுறைதான் பெரிய பாரம். முதலாவதை எப்படியோ வாங்கிவிடுகிறார்கள்; கிழிந்த பிறகு அணியாமல் விட்டு, பழைய வீக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். ஆகவே இயந்திரத்துக்கென்று அனுப்ப விரும்புகிறவர்கள், ஒரு செவிலியரின் பயிற்சிக்கென்றும் மாற்றுக் கையுறைகளுக்கென்றும் அனுப்பினால் அது நெடுநாள் பயன் தரும் என்று தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

ஜெபக் குறிப்புகள்

கை வீக்கத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிற சகோதரிகள் தாமதமின்றிச் சிகிச்சைக்கு வரும்படி ஜெபியுங்கள்.

சிகிச்சை அளிக்கும் செவிலியருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் பொறுமையும் சரீர பெலனும் கிடைக்க ஜெபியுங்கள்.

வீட்டில் தினமும் கட்டுப்போட்டுவிடும் கணவர்மார், பிள்ளைகள், மாமியார்மார் சோர்ந்துபோகாதபடி ஜெபியுங்கள்.



கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்,
அவிநாசி